நீ சொல்லாமல் விட்ட கடற்பேய்

மகன்,

நீ ஒவ்வொரு ஞாயிறும் போனில் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறாய். தை மாதக் கலியாணத்துக்கு முன்னால் அப்பாவுக்குக் காரியம் செய்துவிடுவோமா அம்மா என்று. நானும் ஒவ்வொரு முறையும் "பாப்பம் மனே" என்று சொல்லி, அடுப்பில் ஏதோ கொதிக்கிறது என்று வைத்துவிடுகிறேன். அடுப்பில் ஒன்றும் கொதிப்பதில்லை. போனில் சொன்னால் நீ இடையில் புகுந்து கதைப்பாய், நானும் சொல்லவந்ததை விட்டுவிட்டு இடியப்பத்தின் விலையைக் கதைப்பேன். அதனால்தான் எழுதுகிறேன். லீவில் வந்து அங்கே திரும்பிப் போகிற உன் சிநேகிதன் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். ஒரே மூச்சில் படிக்காதே, வேலைக்குப் போகிற அவசரத்திலும் படிக்காதே. சாப்பிட்டுவிட்டு இருந்து படி.

உனக்குத் தெரிந்த கதைதான், என்றாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும். உன் அப்பா ஆற்றில் தொழில் செய்த மனுசன். கடலில் அல்ல. வெளியூர்க்காரர்கள் அதை வாவி என்பார்கள், நமக்கு அது ஆறுதான். ஆரையம்பதியில் நமது வீட்டுக்கு ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு. அவர் கடல் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். தோணியில் நின்று நீளக் கம்பை ஊன்றித் தள்ளிக்கொண்டு போவார், எங்கே போனாலும் கம்பு சேற்றில் தட்டும். அந்தத் தட்டு அவருக்கு வேண்டும். பிறகு ஆற்றில் மீன் படுவது குறைந்துபோக, வாழைச்சேனையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிற ஒரு போட்டில் ஆள் குறைகிறது என்று கேள்விப்பட்டுப் போனார். முதல் பயணம் முடிந்து வந்து, குளித்து, தேத்தண்ணியைக் கையில் வாங்கிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "கம்பு தட்டாத தண்ணி புள்ள அது. கீழ என்ன கிடக்கெண்டு ஒருத்தனுக்கும் தெரியா. நான் கீழ பாக்கிறதே இல்ல, வானத்தத்தான் பாக்கிற." நான் சிரித்தேன். அந்தக் காலத்தில் எனக்குச் சிரிப்பு கெதியாக வரும்.

நீ வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது அந்தப் போட் திரும்பி வரவில்லை. போட் முதலாளி காலையில் வந்து வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். "அக்கா, போட்டோட கதைக்க ஏலாம இரிக்கி. தேடுறாங்க. பயப்பிடாதீங்க" என்றார். நான் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தேன். அவர் போனபிறகும் பிழிந்தேன். அவித்து, எடுத்து, இலையில் அடுக்கி, கடைக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று ஒருவரும் இடியப்பம் சரியில்லை என்று சொல்லவில்லை. பிறகு தேடினார்கள், ஹெலிகொப்டர் போனது என்றார்கள், ஐஸ் பெட்டியின் மூடி ஒன்று மிதந்து கிடைத்தது என்றார்கள். அது அந்தப் போட்டின் மூடிதானா என்று கேட்டால் ஒருவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. ஊர்ப் பெண்கள் அழுவதற்காகத் தலையை விரித்துக்கொண்டு வந்தார்கள். "ஆள் சாகாம என்னகா அழுகை? போய்ச் சோத்தக் காய்ச்சுங்க" என்று திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகு என்னிடம் அதைப்பற்றிக் கதைக்க எல்லோரும் பயந்தார்கள். நீயும் பயந்தாய்.

உடல் இல்லை. அதனால் காரியமும் இல்லை. நான் தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. கோயிலுக்குப் போனால் சுமங்கலிப் பெண்கள் என் பக்கத்தில் நிற்பதா விடுவதா என்று தெரியாமல் ஒரு அடி தள்ளி நிற்பார்கள். எனக்கு அது கோபத்தையோ வெட்கத்தையோ தரவில்லை. ஒன்றுமே தரவில்லை. அந்த நாள் தொட்டு எனக்கு எதுவும் நோவதில்லை மகன். ஒரு தரம் கொதிதண்ணீர் காலில் கொட்டியதே நினைவிருக்கிறதா? நீதான் கத்தினாய். நான் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதுபோலத்தான் இத்தனை வருடமும்.

நீ நோர்வேக்கு வெளிக்கிட்ட அன்று விமான நிலையத்தில் என் காலில் விழுந்து எழும்பி, "அப்பா வந்தா உடன எனக்குக் கோல் பண்ணுங்க அம்மா" என்றாய். நான் தலையாட்டினேன். வீட்டுக்குத் திரும்பி வருகிற வழியெல்லாம், பிள்ளை நம்புகிறான், பிள்ளை நம்புகிறவரைக்கும் என் நெற்றியில் பொட்டு இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். இதை முதலில் மனதில் வைத்துக்கொள். பின்னால் இதற்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கோல்கள் தொடங்கின. முதல் சில மாதம் நமக்குக் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. சாப்பிட்டியா, சாப்பிட்டன். குளிரா, குளிர்தான். அப்பாவைப்பற்றி நீயும் எடுக்கமாட்டாய், நானும் எடுக்கமாட்டேன். பிறகு ஒருநாள், மீன் வெட்டுகிற தொழிற்சாலையில் சாப்பாட்டு மேசையில் கூட வேலைசெய்கிறவர்கள் சொன்னார்கள் என்று, அந்த நாட்டுக் கடலில் இருப்பதாக அவர்களுடைய முன்னோர் நம்பிய பூதங்களைப்பற்றி நீ சொல்லத் தொடங்கினாய். கிராக்கன் என்றாய். ஒரு தீவளவு பெரிய சீவன், கடலடியில் கிடக்குமாம், அது மேலே எழும்பினால் மீன்களெல்லாம் அதோடு சேர்ந்து எழும்புமாம். அந்தக் காலத்து மீனவர் கயிற்றில் ஈயக்குண்டு கட்டி விட்டு ஆழம் பார்ப்பார்களாம். ஆழமான இடத்தில் குண்டு சட்டென்று தட்டி, தூண்டில் போடப்போட மீன் பட்டால், கிராக்கனுக்கு மேலே நிற்கிறோம் என்று தெரிந்து தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு உயிர் தப்ப ஓடுவார்களாம். அது திரும்பத் தாழுகிறபோது வருகிற சுழியில் படகு போய்விடுமாம்.

"என்ன விசர்க் கதை மனே இது? மீன் பட்டா ஆராவது ஓடுவானா? இஞ்ச மீன் பட்டா கோயில்ல தேங்காய் உடைக்கிற" என்றேன். நீ சிரித்தாய். ஆனால் போனை வைத்தபிறகு எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. அவர்கள் கீழே தட்டினால் பயந்திருக்கிறார்கள். உன் அப்பா தட்டாவிட்டால் பயந்தார். கடைசிக்கு முந்திய பயணத்தில் அவருக்கு மீன் அள்ளிக்கொண்டு பட்டது, உனக்கு நினைவிருக்கும், அந்த முறைதான் உனக்குப் புதுச் செருப்பு வந்தது. கிராக்கன் என்று ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் அவ்வளவு விசரி இல்லை. இருந்தும் அடுத்த நாள் மாப் பிசைகிறபோது அந்தக் கதையை ஒருதரம் முழுதாக நினைத்துப் பார்த்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். மா பதமாக வந்தது, அழுகை வரவில்லை.

அடுத்து கடற்பாம்பைச் சொன்னாய். பல படகுகளை வரிசையாக விட்டால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம், குதிரையைப்போல் தலை, பிடரியில் மயிர். கோடை காலத்தில் கடல் கண்ணாடியாகக் கிடக்கும்போதுதான் மேலே வருமாம். அதற்கு நாற்றம் பிடிக்காதாம், அந்தக் காலத்துச் சனங்கள் அப்படிப்பட்ட கெட்ட சீவன்களை விரட்டுவதற்குப் பெருங்காயம் கொண்டுபோய்த் தண்ணீரில் போடுவார்களாம். நான் வாயைப் பிளந்துவிட்டேன். "பெருங்காயமா? வெள்ளைக்காரன் பெருங்காயத்துக்கு எங்க மனே போனவன்?" என்று கேட்டேன். "கப்பல்ல வந்திருக்கும் அம்மா" என்றாய். "அப்ப ஒரு பானை ரசம் வச்சுக் கொண்டு போயிருக்கலாமே, குடிச்சும் இருக்கலாம்" என்றேன். அன்று நீ சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. அந்த மாதப் பார்சலில் மிளகாய்த்தூளோடு இரண்டு டப்பா பெருங்காயம் வைத்து அனுப்பினேன். "இவ்வளவு எதுக்கம்மா?" என்று கேட்டாய். சாம்பாருக்கு என்றேன். நீ வேலைசெய்வது கரையில், படகில் ஏறுவதில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் அனுப்பினேன்.

பிறகு ஒரு பூதத்தைச் சொன்னாய், பெயர் நொக்கோ என்னவோ. அது கடலில் இல்லை, அசையாத தண்ணீரில், குளத்தில், ஏரியில் இருந்துகொண்டு வயலின் வாசித்து ஆட்களைக் கூப்பிட்டுத் தாழ்த்துமாம். "நம்மட ஆத்துலயும் மீன் பாடுதெண்டுதான் சொல்றாங்க, கேட்டு ஒருத்தனும் தாழல்லயே. கல்லடிப் பாலத்துல நிண்டு கேட்டுட்டு ஐஸ்கிறீம் குடிச்சிட்டுப் போறாங்க" என்றேன். இப்படியே வருடங்கள் போயின. நீ ஒரு பூதத்தைக் கொண்டு வருவாய், நான் அதை நக்கலடிப்பேன். ஊரில் மற்றத் தாய்மார் பிள்ளைகளோடு காணி, வீடு, பெண் பார்ப்பது என்று கதைத்தார்கள். நாம் பேய் கதைத்தோம். அது எனக்குப் பிடித்திருந்தது என்று உனக்கு இதுவரை சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். ஒரு கிழமையில் என் வாய் சிரிக்கிற நேரம் அது ஒன்றுதான்.

பிறகு நிலானி வந்தாள். அங்கேயே வளர்ந்த பிள்ளை, களுவாஞ்சிக்குடித் தாய்க்குப் பிறந்தவள், எனக்குப் பிடித்துக்கொண்டது. கலியாணப் பேச்சு வந்தவுடன் நீ என்னிடம் காரியத்தைப்பற்றிக் கேட்டாய். கேட்கும்போதே, "எனக்கெண்டா அப்பா எங்கயோ இரிக்கிறார் எண்டுதான் அம்மா. நிலானிட அம்மாதான் கேக்கிறா. இரிக்கிறாரா இல்லயா எண்டு தெளிவில்லாம கலியாணம் செய்யக்கூடாதாம்" என்றாய். எனக்கு அது போதுமாக இருந்தது. பிள்ளை இன்னும் நம்புகிறான், சம்பந்திதான் அவசரப்படுகிறாள், நான் ஏன் பிள்ளையின் நம்பிக்கைக்குக் கொள்ளிவைக்க வேண்டும் என்று பாப்பம், பாப்பம் என்று இழுத்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஆடி அமாவாசையன்று பின்னேரம் நிலானி கோல் எடுத்தாள். உனக்கு இது தெரியாது. நீ கடைக்குப் போயிருந்தாயாம், அவள் உன் வீட்டில் உனக்காகக் காத்துக்கொண்டு இருந்தாளாம். நான் சும்மா, "என்ன புள்ள, சமைச்சீங்களா? அவன் சாப்பிட்டானா?" என்று கேட்டேன்.

"அவர் இண்டைக்கு விரதம் மாமி. காலையில இருந்து ஒண்டும் சாப்பிடேல்ல. இப்பதான் படைச்சிட்டுச் சாப்பிட்டவர்."

"என்ன விரதம்?"

"தெரியாது மாமி. ஒவ்வொரு வருஷமும் இருக்கிறவராம், இங்க வந்த முதல் வருஷத்தில இருந்தே. காலையில கடலுக்குப் போய் எள்ளும் தண்ணியும் விட்டவர். நானும் போனேன். என்ன குளிர்! பிறகு ஒரு கசப்புக் காய் பொரிச்சவர், தமிழ்க் கடையில ஃப்ரீசர்ல இருந்து வாங்கினது. சீ, எனக்கு வாயில வைக்க முடியேல்ல."

"காத்தோட்டிக்காய்" என்றேன்.

"ஓம் மாமி, அதுதான்! உங்களுக்கும் செய்து தாறவரா?"

பாவம், அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. அங்கே வளர்ந்ததுக்கு எப்படித் தெரியும்? இங்கே மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும், ஆடி அமாவாசை விரதம் தகப்பன் இல்லாதவன் பிடிக்கிறது என்று. தகப்பன் உயிரோடு இருக்கிறவன் அன்று எள்ளைத் தொடமாட்டான். இதை அம்மாவிடம் சொல்லாதே என்று அவளிடம் சொல்லிவைக்க உனக்கு மறந்திருக்கிறது. அல்லது, ஏன் என்று அவள் கேட்டால் விளக்க வேண்டிவரும் என்று விட்டிருப்பாய். அவளிடம் இதற்காகச் சண்டை பிடிக்காதே.

நான் உடனே கதையை மாற்றினேன். வேறொன்றும் வாயில் வராமல், "அவன் எனக்கு உங்கட ஊர்க் கடல் பேயெல்லாம் சொல்றவன்" என்றேன். அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "டிரவுக் சொன்னவரா மாமி?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "ஐயோ, அதுதான் எல்லாத்திலயும் பெருசு! சின்னப் பிள்ளையில எங்களைப் பள்ளிக்கூடத்தில அதைச் சொல்லித்தான் பயப்படுத்தினவை" என்று முழுதாகச் சொன்னாள். கடலில் செத்து உடல் கிடைக்காதவன், மண் கிடைக்காதவன், டிரவுக் ஆகிவிடுவானாம். பாதிப் படகில், கிழிந்த பாயைக் கட்டிக்கொண்டு, தலை முழுக்கக் கடற்பாசியாக, மீனவரின் படகுக்குப் பின்னாலேயே வருவானாம். கரைக்கு வந்து வீட்டாரைத் தேடுவானாம். ஒருதரம் அப்படி ஒருவன் விரட்டியபோது உயிரோடு இருந்தவன் தேவாலயத்துச் சேமக்காலைக்குள் ஓடி, புதைக்கப்பட்டவர்களைக் கூப்பிட்டானாம். மண் கிடைத்தவர்கள் எழும்பிவந்து மண் கிடைக்காதவர்களோடு சண்டை பிடித்தார்களாம். விடிந்து பார்த்தால் கல்லறைகளுக்கு மேலெல்லாம் கடற்பாசியாம்.

"பயந்திட்டீங்களா மாமி?" என்று கேட்டாள். இல்லை புள்ள, நல்ல கதை என்றேன்.

போனை வைத்தேன். தேத்தண்ணி ஊற்றினேன். சீனி போட்டேனா இல்லையா என்று நினைவில்லாமல் திரும்பவும் போட்டேன். உன்மேல் கோபம் வந்திருக்கலாம், வரவில்லை. ஒரு பாரம் இறங்கியதுபோல் இருந்திருக்கலாம், அதுவும் இல்லை. கதிரையில் இருந்துகொண்டு நினைத்துப் பார்த்தேன். எனக்கு நீ எல்லாப் பூதத்தையும் சொல்லியிருக்கிறாய். வயலின் வாசிக்கிறதைச் சொன்னாய், பாம்பைச் சொன்னாய், பெயர் தெரியாத சில்லறைப் பூதங்களைக்கூடச் சொன்னாய். அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பெரிய பேய் ஒன்றை மட்டும் இத்தனை வருடமாக என்னிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கதை தேடும்போதெல்லாம் அதைத் தாண்டித்தானே போயிருப்பாய்.

பயப்படாதே மகன். உன் அப்பா டிரவுக் ஆகமாட்டார். அந்த மனுசன் உயிரோடு இருந்தபோதே பக்கத்து வீட்டு ஆட்டை ஒரு சத்தம் போட்டு விரட்டத் தெரியாதவர். பேயாகி வந்தாலும் வாசலில் நின்று, "புள்ள, தேத்தண்ணி இரிக்கா?" என்றுதான் கேட்பார். அவரை நினைத்து நீயோ நானோ பயப்படுவதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கதையை உண்டாக்கின சனங்களை நான் நினைக்கிறேன். அவர்களும் கரையில் நின்று பார்த்தவர்கள்தான். மண் போட உடல் கிடைக்கவில்லை, அந்தக் குறை போகாமல், கடைசியில் அதற்குத் தலையும் பாசியும் பாதிப் படகும் கொடுத்திருக்கிறார்கள். அப்படிக் கரையில் நின்ற பெண்களில் ஒருத்தியைக் கண்ணால் கண்டால் எனக்குக் கதைக்கலாம்போல் இருக்கிறது. மொழி தெரியாது, பக்கத்தில் இருக்கலாம்.

இப்போது அந்த விமான நிலையக் கதைக்கு வருகிறேன். அப்பா வந்தால் கோல் பண்ணுங்கள் என்று நீ சொன்னது எனக்காக. நான் நம்புகிறேன் என்று நினைத்துச் சொன்னாய். நீ நம்புகிறாய் என்று நினைத்து நான் பொட்டை வைத்துக்கொண்டேன். போய் இறங்கின முதல் ஆடியிலேயே நீ தனியாகக் கடற்கரைக்குப் போய், ஐயரும் இல்லாமல், சொல்லித்தர ஒருவரும் இல்லாமல், எள்ளைத் தண்ணீரில் விட்டிருக்கிறாய். அப்பா இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்ததா என்று நீ கேட்கலாம். தெரிந்துதான் இருந்தது. அப்பாவின் சைக்கிள் எங்கே என்று ஒருதரம் வீடியோவில் கேட்டாயே, துருப்பிடிக்கிறது என்று உன் சித்தியின் மகனுக்குக் கொடுத்தேன் என்றேன். அது துருப்பிடிக்கவில்லை. புருஷன் வருவான் என்று இருக்கிறவள் அவனுடைய சைக்கிளைக் கொடுக்கமாட்டாள். கொடுக்கிறபோது என் கைக்குத் தெரிந்திருக்கிறது, வாய்தான் சொல்லவில்லை.

உனக்கு நான் புத்தி சொல்லி நாளாயிற்று, கலியாணம் கட்டப்போகிறவனுக்கு ஒன்று சொல்லலாம். நிலானிக்கு நோகும் என்று எதையும் அவளிடமிருந்து மறைக்காதே. நோகட்டும். நீயும் நானும் ஒருவரையொருவர் நோகாமல் காப்பாற்றி என்ன கண்டோம்? நீ ஒரு கடற்கரையில் தனியாகப் பட்டினி கிடந்தாய், நான் இங்கே கண்ணாடிக்கு முன்னால் தனியாகப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஆளை இழந்த இரண்டு பேர், பேய்க்கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறோம். அந்த விரதம் எதற்கென்று முதலில் அவளுக்குச் சொல்லு. அடுத்த முறை குளிர்கிறது என்று புறுபுறுக்காமல் வருவாள்.

நேற்று கோயில் குருக்களையாவைப் போய்க் கண்டேன். உடல் இல்லாவிட்டாலும் செய்யலாமாம். தர்ப்பையால் ஒரு உருவம் செய்து, அதற்கு அவருடைய சாரனையும் சட்டையையும் உடுத்தி, எரித்துக் கரைக்கலாமாம். வருடங்கள் கழிந்ததால் சாவுத் துடக்கு மூன்று நாள் காத்தால் போதும், கலியாணத்துக்குத் தடை இல்லை என்றார். பிறகு திதி கேட்டார்.

"தெரியாதையா."

"போட் போன நாள வைப்பமா?"

"போன அண்டு உயிரோடதானேயா போனவர்."

"கடைசியாக் கதைச்ச நாள்?"

"அண்டும் உயிரோடதான் இருந்தவர். மீன் படுதெண்டு சொன்னவர்."

ஐயா பஞ்சாங்கத்தை மூடினார். "அப்ப நீங்களே ஒரு நாளைச் சொல்லுங்கம்மா" என்றார். கட்டினவனின் சாவு நாளை என்னையே வைக்கச் சொல்கிறார் மகன். காய்கறிக் கடையில் நிற்பதுபோல நின்றேன். பிறகு, "ஆடி அமாவாசை. புள்ள அந்த நாளத்தான் புடிச்சிக்கொண்டு வாறான்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். ஆகவே உன் அப்பாவின் திதி அதுதான். நீ வைத்த நாள்தான். கலியாணத்துக்கு வருகிறபோது காரியத்துக்காக ஒரு கிழமை முந்தி வா. நீதான் கொள்ளி வைக்க வேண்டும். சாரன் தோய்த்து மடித்து வைத்திருக்கிறேன்.

இனி மற்றது. நீ யோசித்திருக்கமாட்டாய், ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு இது தட்டுப்படாது, அதனால் குறை சொல்லவில்லை. அந்தத் தர்ப்பை எரிந்தவுடன் நான் தாலியைக் கழற்ற வேண்டும். ஒரு கிழமை கழித்து உன் கலியாணத்தில், நெற்றி வெறுமையாக நிற்கிறவளை யாரும் முன்னுக்கு விடமாட்டார்கள். காரியம் செய்யாவிட்டால், இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத ஒருவரின் பெண்சாதியாக முன்னுக்கு நின்றிருப்பேன். நீ கேட்டதைச் செய்தால் பின்னுக்குப் போக வேண்டும். நான் இழுத்துக்கொண்டிருந்ததில் இந்த எண்ணமும் கொஞ்சம் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஒரே பிள்ளையின் கலியாணத்தைப் பந்தலின் கடைசியில் கதிரையில் இருந்து பார்க்க எனக்கு மனமில்லை.

காரியம் செய்யப்போகிறோம் என்று நிலானியின் தாய்க்குக் கோல் எடுத்துச் சொன்னேன். நல்ல மனுசிதான். நல்லது சம்பந்தி, அவருக்கும் சாந்தியாக இருக்கும் என்றாள். பிறகு மெதுவாக, "அப்பிடியெண்டா கலியாணத்துல அறுகரிசி முதல்ல ஆர் போடுற? உங்கட தங்கச்சியும் மச்சானும் சோடியா நிண்டு போடட்டுமா?" என்று கேட்டாள்.

"நான்தான் போடுற" என்றேன்.

"இல்ல சம்பந்தி, சனம் ஒண்டு சொல்லும்..."

"சொல்லட்டும். சாப்பாடு போடுறதுதானே, திண்டுக்கொண்டு சொல்லட்டும். என்ட புள்ளைக்கு ஆசீர்வாதம் பண்ண நான் ஆரிட்டயும் கேக்க ஏலா."

அவள் பிறகு எடுக்கிறேன் என்று போனை வைத்துவிட்டாள். கோபித்தாளா என்று தெரியவில்லை. இதை நீ சமாளி, அவளோடு நல்லபடியாகக் கதை, ஆனால் என்னை விட்டுக்கொடுக்காதே. இவ்வளவுதான் உன்னிடம் நான் கேட்பது. நீ கேட்டதை நான் செய்கிறேன், நான் கேட்டதை நீ செய்.

கலியாணத்தன்று தாலி கட்டி முடிந்ததும் நான் நெற்றியில் ஒன்றும் இல்லாமல் மணவறைக்கு ஏறி வருவேன். யாராவது முகத்தைச் சுளித்தால் நீ அவர்களைப் பார்க்காதே, எழும்பவும் வேண்டாம். தலையைக் குனிந்து நிலானியோடு சேர்ந்து இரு. எல்லாருக்கும் முந்தி நான் உங்கள் தலையில் ஒரு பிடி அறுகரிசி போட்டு ஆசீர்வதிப்பேன். போட்டுவிட்டு இறங்கமாட்டேன். தட்டிலிருந்து இன்னொரு பிடி எடுப்பேன். அதுவும் விழும்வரை தலையை நிமிர்த்தாதே மனே, அது அப்பா போடுகிறது.

அம்மா